தட்டை முனையா, உருண்டை முனையா?

ஏர் ரைஃபிளுக்கு 4.5 மி.மீ. ஈயக் குண்டு வாங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது முனையின் வடிவத்தை. பத்து மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் தட்டை முனைதான் எங்கும். அது காகித இலக்கைத் துளையிடும் கருவிபோல வட்டமாக வெட்டிச் செல்கிறது. உருண்டை முனையோ ஓரத்தைப் பிய்த்துவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. கிழிந்த ஓரத்தை வைத்து அங்கே புள்ளி கணக்கிடுவது பெரும்பாடு.

தொலைவு 25 மீட்டரைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். தட்டை முகம் காற்றோடு முட்டி வேகத்தைச் சீக்கிரம் இழக்கிறது, பக்கக் காற்றில் அதிகம் விலகுகிறது. 50 மீட்டரில் அதை நான் நம்பமாட்டேன். 0.547 கிராம் எடையுள்ள ஜேஎஸ்பி எக்ஸாக்ட் போன்ற உருண்டை முனைக் குண்டுகளே அங்கே நெருக்கமாக விழும்.

இருந்தாலும் கடைசித் தீர்ப்பு குழலுடையது. ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டில்கூட ஒரே குண்டு வெவ்வேறு விதமாக விழலாம். தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 எனச் சிறிதளவு மாறினாலே துளைகள் விரியலாம், நெருங்கலாம். ஆகவே துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்தாகப் பலமுறை சுட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நல்ல ஐந்தைப் பார்த்து மயங்க வேண்டாம்! வகை மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழல் புதிய ஈயத்துக்குப் பழக வேண்டும். பின்விளிம்பு நசுங்கிய குண்டை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஈயம் நச்சுப் பொருள் என்பதால், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.