பாலிமருக்கு ஏற்ற கலோரிமானி உயிர்ச்சவ்வுக்கும் போதுமா? வெப்பப் பகுப்பாய்வு முறைகள்: ஓர் ஒப்பீடு

ஒரு பொருளைச் சீரான வேகத்தில் சூடாக்கிக்கொண்டே அதன் எடையையோ, அது உறிஞ்சும் வெப்பத்தையோ தொடர்ந்து பதிவு செய்வது வெப்பப் பகுப்பாய்வின் அடிப்படை. பாலிமர்களையும் உப்புகளையும் ஆராயும் ஆய்வகங்களில் இதற்கான கருவிகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் என்பதால், செல்லைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய படலமான உயிர்ச்சவ்வை ஆராயத் தொடங்குபவர்களும் முதலில் அவற்றையே நாடுகிறார்கள். அந்தக் கருவிகளில் சவ்வை ஆராய முடியாது என்றில்லை. ஆனால் சவ்வைப் பற்றி நாம் அறிய விரும்பும் நுட்பங்களில் பல அவற்றின் வரைகோட்டில் தெரியாமலே போய்விடுகின்றன.

எடையை அளக்கும் டிஜிஏ (TGA) முறையை இந்த ஒப்பீட்டில் விரைவாகக் கடந்துவிடலாம். நீரேறிய கால்சியம் ஆக்சலேட்டைச் சூடாக்கினால் முதலில் நீரும், அடுத்துக் கார்பன் மோனாக்சைடும், இறுதியில் கார்பன் டையாக்சைடும் வெளியேறி, எடை முறையே 12.3, 19.2, 30.1 சதவீதம் என மூன்று படிகளில் குறைகிறது. சிதைவையும் ஈரப்பதத்தையும் அளக்க இதைவிடத் தெளிவான முறை இல்லை. ஆனால் சவ்வை உருவாக்கும் கொழுப்பு வகை மூலக்கூறுகளான லிப்பிட்டுகள் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எடை சிறிதும் மாறுவதில்லை என்பதால், அந்த மாற்றம் இக்கருவியின் கண்ணில் படாது.

கலோரிமானியால் வெப்பத்தையே அளக்கும் டிஎஸ்சி (DSC) முறைதான் இரு துறைகளுக்கும் பொதுவானது. 1962இல் வாட்சனும் ஓ'நீலும் உருவாக்கிய இந்த முறையில், மாதிரியும் ஒப்பீட்டுப் பொருளும் ஒரே வேகத்தில் சூடேற்றப்பட்டு, இரண்டுக்கும் தேவைப்படும் வெப்பத்தின் வேறுபாடு அளக்கப்படுகிறது. இதற்கு முந்தைய டிடிஏ முறை வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே காட்டியதால், மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதை நன்றாகச் சொன்னாலும், எவ்வளவு வெப்பம் என்ற கேள்விக்கு நம்பகமான விடை தரவில்லை. டிஎஸ்சியில் சில மில்லிகிராம் பெட் (PET) பிளாஸ்டிக்கை அலுமினியக் கிண்ணத்தில் அடைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் சூடாக்கினால், ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸில் கண்ணாடி நிலைமாற்றமும் (கண்ணாடிபோல் இறுகியிருந்த பாலிமர் நெகிழத் தொடங்குதல்), 250 டிகிரியை ஒட்டி உருகுதலும் ஒரே வரைகோட்டில் கிடைத்துவிடும். 156.6 டிகிரியில் உருகும் இண்டியத்தைக் கொண்டு அளவீட்டைச் சரிபார்த்துக்கொள்ளவும் முடிகிறது. திடப்பொருள் ஆய்வுக்கு இதற்கு மேல் கேட்பதற்கு அதிகம் இல்லை.

சவ்வின் நிலை வேறு. மாதிரிச் சவ்வுகளில் மிகுதியாக ஆராயப்பட்ட டிபிபிசி என்ற பாஸ்போலிப்பிட், நீரில் கலந்த நிலையில் சுமார் 41 டிகிரியில் இறுகிய நிலையிலிருந்து நெகிழ்ந்த நிலைக்கு மாறுகிறது. அதற்கு மோலுக்கு ஏறத்தாழ 36 கிலோஜூல் வெப்பம் தேவை. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் செறிவுள்ள கரைசலில் அரை மில்லிலிட்டரை எடுத்துக்கொண்டால், மொத்த மாற்றத்துக்கும் சேர்த்துச் செலவாகும் வெப்பம் 25 மில்லிஜூல் அளவே. அதே அரை மில்லிலிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்தவே இரண்டு ஜூலுக்கு மேல் வேண்டும். தேடும் குறிகை (சிக்னல்), அதைச் சூழ்ந்திருக்கும் நீரின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் எட்டுகிறது. அதனால்தான் மிகச் சிறிய வெப்பத்தையும் உணரும் டிஎஸ்சி கருவிகளான நுண்கலோரிமானிகளில், கருவியோடு நிலையாகப் பொருத்திய இரண்டு கலங்களை வைத்து, ஒன்றில் லிப்பிட் கரைசலையும் மற்றொன்றில் லிப்பிட் இல்லாத அதே தாங்கற் கரைசலையும் (பஃபர்) நிரப்பி, நீரின் பங்கைக் கழித்துவிடுகிறார்கள்.

மாதிரியைக் கிண்ணத்தில் அடைக்கும் வழக்கமான டிஎஸ்சியில், அதாவது கிண்ணக் கருவியில், இந்தக் குறையை ஈடுகட்ட, லிப்பிட்டைப் பசைபோல அடர்த்தியாகச் சேர்த்து வேகமாகச் சூடாக்க நேரிடுகிறது. வேகம் கூடினால் குறிகை பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனால் வெப்பம் மாதிரிக்குள் பரவ நேரமில்லாததால், மாற்றத்தைக் காட்டும் வரைகோட்டின் முகடு அகன்று, மேல்வெப்பநிலைப் பக்கம் நகர்ந்துவிடும். டிபிபிசியில் முதன்மை மாற்றத்துக்கு முன்பே 35 டிகிரியை ஒட்டி வரும் சிறிய முன்மாற்றம் மெதுவாக நிகழ்வது என்பதால், அதுதான் முதலில் சிதையும். கொலஸ்ட்ரால் சேர்த்தால் சிக்கல் இன்னும் கூடும். அதன் அளவு ஏறஏற முகடு தாழ்ந்து பரந்து, பாதிக்குப் பாதி என்ற விகிதத்தில் ஏறக்குறைய மறைந்தே போகிறது. அந்தப் பரந்த மேட்டை, மாற்றம் எதுவும் இல்லாதபோது பதிவாகும் அடிக்கோட்டின் வளைவிலிருந்து பிரித்தறிய, நிமிடத்துக்கு ஒரு டிகிரி அல்லது அதற்கும் குறைந்த வேகமும், நுண்கலோரிமானியின் உணர்திறனும் கட்டாயம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஒளிர்மூலக்கூறுகளைச் சவ்வில் செருகி அதன் நெகிழ்வை அளக்கும் முறை மிகக் குறைந்த மாதிரியிலும், உயிருள்ள செல்லிலும்கூடச் செயல்படும் என்பது அதன் பெரும் பலம். ஆயினும் அது சொல்வது, அந்த மூலக்கூறு அமர்ந்திருக்கும் இடத்தின் கதை மட்டுமே. அயல்பொருள் எதையும் சேர்க்காமல் முழுச் சவ்வையும் அளக்கும் கலோரிமானியின் சிறப்பை 1969இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அகோலிபிளாஸ்மா லெய்ட்லாவி என்ற நுண்ணுயிரியின் முழுச் சவ்வும், அதிலிருந்து பிரித்தெடுத்த லிப்பிட்டும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நிலைமாறின. சவ்வில் லிப்பிட்டின் பெரும்பகுதி ஈரடுக்காகவே (ஒன்றன்மேல் ஒன்றான இரு அடுக்குகளாக) இருக்கிறது என்ற கருத்துக்கு அது வலுவான சான்றாயிற்று. முழுச் சவ்வில், உயர்ந்த வெப்பநிலையில் புரதங்கள் குலைவதும் தனியாகப் பதிவாகும். ஒருமுறை சூடாக்கிக் குளிர்வித்து மீண்டும் சூடாக்கினால் லிப்பிட் முகடு திரும்ப வரும், புரத முகடு வராது. எது எதனுடையது என்று பிரித்தறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

கிண்ணக் கருவியே மேலாக அமையும் இடங்களும் உண்டு. தோலின் மேலடுக்கு போன்ற திடமான திசுவை நுண்கலோரிமானியின் நிலையான கலத்தில் வைக்க இயலாது. உலர்ந்த லிப்பிட்டையும் அப்படித்தான். உறைநிலைக்குக் கீழே நிலைமாறும் டிஓபிசி போன்ற லிப்பிட்டுகளுக்கும் கிண்ணமே பொருந்தும், ஏனெனில் கலத்துக்குள் நீர் உறைந்து விரிந்தால் கருவியே பழுதாகலாம். அங்கும் பனி உருகும்போது கிராமுக்கு 334 ஜூலை விழுங்கும் பெரும் முகடு அண்டையில் உள்ள அனைத்தையும் மூடிவிடும் என்பதால், நீரின் அளவைக் குறைத்துக்கொள்வதும், மூடியின் கசிவைச் சோதிக்கக் கிண்ணத்தை ஆய்வுக்கு முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்ப்பதும் அவசியம்.