முழு புரொஃபைல் ரோலா, சிஎன்சி டிஸ்க்கா: வார்ம் வீலை எதை வைத்து டிரஸ் செய்வது?

கியர் கிரைண்டிங் எந்திரம் வாங்கும்போது அச்சுகள் எத்தனை, ஸ்பிண்டில் வேகம் எவ்வளவு, எத்தனை நொடியில் ஒரு கியர் வெளியே வரும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். பல்லை அரைக்கும் திருகு வடிவ வீலுக்கு, அதாவது வார்முக்கு, வடிவம் கொடுக்கும் (டிரஸ் செய்யும்) டைமண்ட் கருவியைப் பற்றிய பேச்சு கொட்டேஷனின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் பல்லின் முகத்தில் கடைசியாக மிஞ்சும் மைக்ரான்களைத் தீர்மானிப்பது அந்தக் கருவிதான். எங்களுக்கு வருவது பெரும்பாலும் சிறு தொகுதிகள். வரைபடமும் அடிக்கடி மாறும். யோசித்துப் பார்த்து சிஎன்சி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அடிப்படை தெரிந்தவர்களுக்கு ஒரு வரி போதும். முழு புரொஃபைல் ரோலில் கியருக்கு வேண்டிய வடிவம், டிப் ரிலீஃப் (பல் நுனியில் சில மைக்ரான் குறைத்துவிடுவது), கிரௌனிங் (முகத்தின் நடுவை லேசாகப் புடைக்க வைப்பது) எல்லாம் டைமண்ட் பூச்சிலேயே இருக்கும். வார்மின் பள்ளத்துக்குள் இறங்கி இரண்டு பக்க முகத்தையும் ஒரே ஓட்டத்தில் சீவிவிடும். டிஸ்க்கில் இருப்பது சிறிய மூக்கு வளைவு மட்டும். வடிவம் நிரலில் இருக்கிறது. டிஸ்க் வரி வரியாக நகர்ந்து அதை வீலில் எழுதுகிறது.

மூன்றாவதாக, டிரஸ்ஸிங்கே தேவைப்படாத பிளேட்டட் சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு என்ற கடினத் துகள்) வார்ம் இருக்கிறது. எஃகு உடலில் வடிவத்தை வெட்டி, மேலே ஒற்றை அடுக்கு சிபிஎன் பூசியிருப்பார்கள். தேய்ந்தால் பூச்சை உரித்து மறுபடி பூச வேண்டும். ஒரே கியர் ஆண்டுக்கணக்கில் ஓடும் இடத்துக்கு அருமையான தீர்வு. வரைபடம் மாறினால் உடலே புதிதாக வேண்டும் என்பதால் எங்களுக்கு அது ஆரம்பத்திலேயே விலகிவிட்டது.

ரோலின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்யூல் (பல்லின் அளவு) 2.5, மூன்று ஸ்டார்ட் (திருகுச் சுருள்), 160 மி.மீ. அகல வார்ம் என்று வைத்துக்கொள்வோம். லீட் (ஒரு சுற்றில் திருகு நகரும் தூரம்) சுமார் 23.6 மி.மீ. வருகிறது, முழு அகலத்தையும் ஒருமுறை கடக்க வார்ம் ஏறக்குறைய ஏழு சுற்று சுற்ற வேண்டும். டிரஸ் செய்யும்போது நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் ஓர் ஓட்டம் 4 நொடி. ரோல் ஸ்டார்ட்டுக்கு மூன்று முறை போனாலும் 9 ஓட்டம், 36 நொடி. பல ரிப் (முகடு) உள்ள ரோல் என்றால் எல்லா ஸ்டார்ட்டையும் ஒன்றாகப் பிடித்து இன்னும் குறைக்கும்.

இப்போது டிஸ்க். பல் முகத்தின் நீளம் சுமார் 6 மி.மீ. வரிக்கு வரி இடைவெளி 0.05 மி.மீ. என்றால் ஒரு முகத்துக்கு 120 வரி. இரண்டு முகம், மூன்று ஸ்டார்ட்: 720 ஓட்டம், அதாவது 48 நிமிடம். திரும்பும் நேரத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். 36 நொடி எங்கே, 48 நிமிடம் எங்கே!

இடைவெளியைக் கூட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். உழுத நிலத்தில் சாலுக்குச் சால் வரப்பு நிற்பது போல, வரிகளுக்கு நடுவே மேடு நிற்கும். அதன் உயரம் இடைவெளியின் வர்க்கத்தை மூக்கு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. ஆரம் 0.5 மி.மீ. என்றால், 0.1 மி.மீ. இடைவெளிக்கு 2.5 மைக்ரான், 0.05 மி.மீ. இடைவெளிக்கு 0.6 மைக்ரான். வார்மின் ஒவ்வொரு உயரமும் கியர் புரொஃபைலில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத்தான் தொடுகிறது. வீலை அகலவாக்கில் ஷிஃப்ட் செய்தாலும் (நகர்த்தினாலும்) மேடு அதே இடத்தில் பதியும், சராசரியாகிக் கரைந்துபோகாது. நல்ல தரத்துக்குள் நிற்க வேண்டிய கியரில் வடிவப் பிழைக்கு மட்டும் 2.5 மைக்ரானைத் தானம் செய்ய முடியாது. புது வீலுக்கு ஆரம்ப வடிவம் கொடுக்கும்போது இடைவெளியை அகலமாக விட்டு, கடைசி அடுக்கை மட்டும் நெருக்கமாக ஓட்டுவதே சரி.

இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தும் டிஸ்க் பக்கம் போனதற்கு ஒரே காரணம்தான்: ரோல் தேய்ந்த பிறகு என்ன ஆகிறது என்பது.

ரோலின் முகம் முழுவதும் சமமாகத் தேய்வதில்லை. வார்மின் பள்ளத்து அடியைத் தொடும் வெளி விளிம்புதான் முதலில் போகும். வார்மின் அந்த அடிப்பகுதி கியரின் பல் நுனியை அரைக்கிறது. ஆகவே ரோல் தேயும்போது முதலில் கெடுவது டிப் ரிலீஃப். கியர் சத்தத்துக்கு மிக முக்கியமான இடமே அதுதான். சாய்வுப் பிழை என்றால் டிரஸ்ஸர் அச்சைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்துவிடலாம். டிப் ரிலீஃபும் கிரௌனிங்கும் ரோலிலேயே உறைந்தவை. எந்த ஆஃப்செட்டுக்கும் (எந்திரத்தில் இடும் திருத்த அளவுக்கும்) மசியாது.

அப்புறம் ரீலேப்பிங்குக்கு, அதாவது டைமண்ட் முகத்தை மறுபடி தேய்த்து வடிவத்தைச் சரிசெய்ய, அனுப்ப வேண்டும். ரோலை எப்படிச் செய்தார்கள் என்பது இங்கே பெரிய வித்தியாசம். நேரடியாகப் பூசிய ரோலில் டைமண்ட் துகள்கள் உடலின் மேல் ஒற்றை அடுக்காக நிற்கின்றன. உயரம் ஏறத்தாழ இருப்பதை லேப் செய்து சமமாக்குகிறார்கள். தலைகீழ் பூச்சில் துல்லியமான அச்சின் உட்சுவரில் டைமண்டைப் படியவைத்து, பின்னால் நிக்கல் வளர்க்கிறார்கள். வடிவம் அச்சிலிருந்தே வருவதால் துல்லியம் கூடுதல். விலையும் செய்து தர ஆகும் காலமும் கூடுதல்.

இரண்டிலும் லேப் செய்யச் செய்ய வடிவம் திரும்பிவிடும், வெட்டும் குணம் குறைந்துகொண்டே போகும். துகள்களின் தலை தட்டையாகிவிடுகிறது. தட்டையான டைமண்ட் வீல் துகளை உடைத்துத் திறப்பதற்குப் பதில் மேலே தேய்த்து மூடுகிறது. மூடிய வீல் கியரில் சூட்டைக் கிளப்பும். அளவெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் நைட்டால் எட்சிங்கில் (சூட்டில் கெட்ட இடத்தைக் காட்டும் அமிலச் சோதனை) கறுப்புத் திட்டு தெரியும். பார்ப்பவர்கள் கூலன்ட்டையும் ஃபீடையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ரோல் மீது சந்தேகமே வராது, ஏனென்றால் அது 'புதிதாக லேப் செய்து வந்தது'. ரோல் வேகத்துக்கும் வீல் வேகத்துக்கும் உள்ள டிரஸ்ஸிங் விகிதத்தை மாற்றி இதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ரோலும் வீலும் தொடும் இடத்தில் ஒரே திசையில் ஓடி, விகிதம் 0.8 பக்கம் இருந்தால் வீல் நன்றாகத் திறக்கும். எதிர்த் திசையில் ஓடினால் வழவழப்பாகும். ஆனால் தட்டையான டைமண்டை எந்த விகிதமும் கூர்மையாக்காது.

ரீலேப்பிங் போன காலத்தில் எந்திரம் சும்மா நிற்கக் கூடாது என்றால் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு ரோல் வேண்டும். திரும்பி வந்ததை அப்படியே மாட்டி ஓட்டவும் முடியாது. விட்டம் மாறியிருக்கும், சோதனைக் கியர் அரைத்து, அளந்து, ஆஃப்செட்டை மறுபடி பிடிக்க வேண்டும். நடுவில் வடிவமைப்பாளர் டிப் ரிலீஃபை மூன்று மைக்ரான் மாற்றினால் இரண்டு ரோலும் அலமாரிக்குப் போகும். பத்து வகைக் கியர், தலைக்கு ஐம்பது உருப்படி என்று ஓடும் பட்டறையில் இந்தக் கணக்குத்தான் 48 நிமிடத்தைத் தாங்கக்கூடியதாக ஆக்குகிறது. ஒரு டிரஸ்ஸிங்கில் அந்த 50 கியரும் வந்தால் தலைக்கு சுமார் 58 நொடி. அது கண்ணுக்குத் தெரியும் செலவு, முன்கூட்டியே திட்டமிடலாம். ரோல் இல்லாமல் ஆர்டர் காத்துக் கிடப்பதை அப்படித் திட்டமிட முடியாது.

டிஸ்க்குக்குப் பராமரிப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அத்தனை ஓட்டத்தையும் ஒரு சிறு வளைவு தாங்குகிறது. வார்மின் முகம் ஏறக்குறைய நேர்க்கோடு என்பதால், 20 டிகிரி பிரஷர் ஆங்கிள் (பல் முகத்தின் சாய்வுக் கோணம்) வேலையில் மூக்கின் ஒரே புள்ளிதான் தொட்டுக்கொண்டே இருக்கும். அங்கே மெல்ல ஒரு தட்டை விழும். அதே வேலையில் அது வெளியே தெரியாது. தேய்மானம் ஒரே சீரான விலகலாக வந்து ஆஃப்செட்டில் அடங்கிவிடும். அதே டிஸ்க்கை 17.5 டிகிரி வேலைக்கு மாட்டும்போதுதான் தட்டையின் ஓரம் குறுக்கே வந்து புரொஃபைலில் ஒரு முறிவைக் காட்டும். பிரஷர் ஆங்கிள் வாரியாக டிஸ்க்கைப் பிரித்துப் பெட்டியில் எழுதி வையுங்கள். டிப் ரிலீஃப் பகுதியில் தொடு புள்ளி நகர்வதால், மூக்கு ஆரத்தை அவ்வப்போது அளந்து நிரலில் இடுவதும் அவசியம். சிவிடி டைமண்ட் (வாயுவிலிருந்து வளர்த்த செயற்கை டைமண்ட்) பதித்த டிஸ்க்குகள் ஆரத்தை நன்றாகப் பிடித்து வைக்கின்றன. சாதாரண பூச்சு டிஸ்க்கை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஸ்க்கால் கிடைக்கும் இன்னொரு லாபம் ஹெலிகல் கியரில் (பல் சாய்வாக ஓடும் கியர்). பல்லின் அகலவாக்கில் நடுவைப் புடைக்க வைக்கும் லீட் கிரௌனிங் கொடுக்கும்போது முகம் முறுக்கிக்கொள்ளும் தொல்லை எல்லோருக்கும் தெரியும். வார்மின் அகலம் நெடுக வடிவத்தை மாற்றி மாற்றி எழுத டிஸ்க்கால் முடியும் என்பதால் அந்த முறுக்கை எடுத்துவிடலாம். சில எந்திரங்களில் ரோலை அகலம் நெடுகச் சாய்த்தும் ஓரளவு செய்கிறார்கள்.

நான் சொல்வதெல்லாம் மாட்யூல் 1.5 முதல் 4 வரை உள்ள வேலையை வைத்து. அதற்கு மேல் போனால் முகம் நீளும், வரிகள் கூடும், கணக்கு ரோல் பக்கம் சாயலாம். ஒரே கியர் நாளெல்லாம் ஓடும் லைன் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரோல்தான். அப்படி வாங்கும்போது ஆர்டரிலேயே மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: நேரடிப் பூச்சா தலைகீழ் பூச்சா, எத்தனை முறை ரீலேப் செய்யலாம், ஒவ்வொரு முறையும் டிப் ரிலீஃப் பகுதியின் அளவீட்டு வரைபடம் சேர்ந்து வருமா. மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு சப்ளையரைப் பாருங்கள்.