ஆய்வுத் தரவை எங்கே வைப்பது? ஸெனோடோ, ட்ரையாட், டேட்டாவெர்ஸ்: ஒரு நூலகரின் ஒப்பீடு

முனைவர் பட்ட ஆய்வேடு முடிந்ததும் அதன் பிடிஎஃப், இந்திய ஆய்வேடுகளின் இணையச் சேமிப்பகமான ஷோத்கங்காவுக்குப் போய்விடுகிறது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறை அதற்கு வழி செய்தது. ஆனால் அந்த ஆய்வேட்டுக்குப் பின்னால் இருக்கும் தரவு எங்கே போகிறது? பெரும்பாலும் ஒரு பென்டிரைவில் கிடக்கிறது. விடுதி அறையைக் காலி செய்யும்போது அதுவும் தொலைந்துவிடுகிறது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். "மேடம், ஜர்னல்ல டேட்டாவையும் கேட்கிறாங்க, எங்கே போடுறது?" என்று மாணவர்கள் இப்போது அடிக்கடி வந்து நிற்கிறார்கள். அப்படி ஒரு மாணவி கொண்டுவந்த எக்செல் கோப்பை வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். கிணற்று நீரின் தரம் பற்றிய ஆய்வு. இரண்டு பருவத்துக்கு இரண்டு தாள். முதல் தாளில் ஈசி (நீரின் மின்கடத்துதிறன்) என்ற பத்தியில் 1850, 2100 என்று எண்கள். இரண்டாம் தாளில் அதே பத்தியில் 1.85, 2.1. நடுவில் கருவி மாறியிருக்கிறது, அதோடு அலகும் மாறியிருக்கிறது. எங்கேயும் எழுதவில்லை. சில கட்டங்களில் -999. கருவி வேலை செய்யாத நாள் என்று மாணவிக்குத் தெரியும், சராசரி எடுக்கப்போகும் அடுத்த ஆளுக்குத் தெரியாது. இன்னொரு பத்தியில் கிணற்றுக்காரர்களின் பெயரும் கைபேசி எண்ணும்.

"கேட்டால் தருவோம்"

கட்டுரையின் கடைசியில் இப்படி ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் எளிய வழி. இதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை. 2014-இல் கரண்ட் பயாலஜி இதழில் வந்த ஆய்வு ஒன்று, 2 முதல் 22 ஆண்டுகள் பழைய 516 கட்டுரைகளின் தரவைத் தேடிப் பார்த்தது. தரவு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு விகிதம் ஆண்டுக்கு 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. 2022-இல் வெளிவந்த வேறொரு ஆய்வில், தருவோம் என்று எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களைக் கேட்டபோது, உண்மையில் தரவைத் தந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. அவர்கள் எல்லாம் பொய் சொன்னவர்கள் அல்ல. மின்னஞ்சல் மாறும், ஆள் வேலை மாறுவார், ஹார்டு டிஸ்க் போய்விடும்.

ஸெனோடோ

சரி, தரவை இணையத்தில் சேமித்துப் பகிரும் களஞ்சியங்களுக்கு வருவோம். ஜெனீவாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவோடு 2013-இல் தொடங்கியது ஸெனோடோ. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் தலைவராக இருந்த ஸெனோடோட்டஸின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். தரவுக் களஞ்சியத்துக்கு ஒரு நூலகரின் பெயர் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

காசு கிடையாது. எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும் போடலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு. நம் மாணவர்களின் கோப்புகளுக்கு இது ஏராளம். டிஓஐ எண், அதாவது தரவை மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாள எண், உடனே கிடைக்கும். பின்னால் திருத்திப் புதிய பதிப்பு போட்டால் அதற்குத் தனி எண், எல்லாப் பதிப்புக்கும் சேர்த்து ஒரு பொது எண். மற்றவர்கள் தரவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம், தேவைப்பட்டால் கோப்பைப் பூட்டியும் வைக்கலாம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பத்தி பத்தியாகத் திறந்து பார்ப்பதில்லை. மேலே சொன்ன கோப்பை அப்படியே ஏற்றினால் -999-ம் வரும், கைபேசி எண்களும் வரும். பத்தே நிமிடத்தில் உலகமெங்கும் போய்விடும்.

ஃபிக்ஷேர் என்ற இன்னொரு களஞ்சியமும் இதே போலத்தான். இலவசக் கணக்கு உண்டு, பக்கம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை நடத்தும் டிஜிட்டல் சயின்ஸ், ஹோல்ட்ஸ்பிரிங்க் என்ற ஜெர்மன் பதிப்புக் குழுமத்தின் நிறுவனம். பொதுப்பணத்தில் திரட்டிய தரவை, பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் வைப்பதே எனக்குப் பிடித்தது. இரண்டில் ஒன்று என்றால் ஸெனோடோ பக்கம்தான் நிற்பேன்.

ட்ரையாட்

சூழலியல், பரிணாமவியல் இதழ்களின் தேவையிலிருந்து பிறந்தது ட்ரையாட். லாப நோக்கம் இல்லாத அமைப்பு. இங்கே ஒவ்வொரு கோப்பையும் ஒரு ஆள் திறந்து பார்க்கிறார். கோப்பு திறக்கிறதா, பத்திகளுக்கு விளக்கம் இருக்கிறதா, தனிநபர் விவரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார். நம் கிணற்றுக் கோப்பு முதல் நாளே திரும்பி வந்திருக்கும். அது நல்லதுதான்.

இந்தப் பார்வை எவ்வளவு தேவை என்பதற்கு மரபணுத் துறையே சாட்சி. செப்டம்பர் மாதத்தை நினைவூட்டும் மரபணுப் பெயர்களை எக்செல் தானாகவே தேதியாக மாற்றிவிடும். அந்தப் பிழை எண்ணற்ற கட்டுரைகளுக்குள் புகுந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு ஆள் நிதானமாகப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும் பிழை.

ஆனால் ட்ரையாடில் கட்டணம் உண்டு. இதழோ நிறுவனமோ உறுப்பினராக இருந்து கட்டவில்லை என்றால் ஆய்வாளர் தலையில் விழும். நம் ஊரில் உதவித்தொகையே தாமதமாகக் கையில் கிடைக்கிற மாணவியிடம் டாலரில் கட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம், சிசி ஜீரோ என்ற ஒரே உரிமம்தான்: எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவில் விட்டுவிட வேண்டும். உயிரியல் அளவுகளுக்கு அது பொருந்தும். கிராமத்து மக்களிடம் எடுத்த நேர்காணலுக்கு எனக்குத் தயக்கம் உண்டு.

டேட்டாவெர்ஸ்

ஹார்வர்டில் உருவான திறந்த மூல மென்பொருள் இது. எந்த நிறுவனமும் சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் அப்படி ஒன்றை நடத்துகிறது. சமூக அறிவியலுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருள்களின் கோப்புகளைப் போட்டால், அந்த மென்பொருள் இல்லாதவரும் படிக்கும்படி எளிய அட்டவணையாகவும் மாற்றி வைத்துக்கொள்ளும். விண்ணப்பித்தவருக்கு மட்டும் கோப்பைத் திறந்துவிடும் வசதியும் உண்டு.

சர்வரும், அதைப் பராமரிக்க ஆளும் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. திட்ட நிதி இருக்கும்வரை ஓடி, அது தீர்ந்ததும் நின்றுபோன நிறுவனக் களஞ்சியங்களின் இணைப்புகளை நான் நிறையவே அழுத்திப் பார்த்திருக்கிறேன். ஆசை இருந்து ஆள் இல்லாத கல்லூரிகள், ஹார்வர்டின் சொந்த டேட்டாவெர்ஸிலேயே இலவசமாக ஒரு தொகுப்புத் தொடங்கலாம்.

என் தேர்வு

முதலில் துறைக்கென்று தனிக் களஞ்சியம் இருக்கிறதா என்று, உலகத் தரவுக் களஞ்சியங்களைத் தொகுத்திருக்கும் ரீ3டேட்டா என்ற இணையப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். மரபணு வரிசை போன்ற உயிரியல் தரவுக்கு ஃபரீதாபாத்தில் 2022-இல் திறந்த இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. துறைக் களஞ்சியம் இருந்தால் கேள்வியே இல்லை, அங்கேதான் வைக்க வேண்டும்.

அது இல்லையென்றால் நம் சூழலுக்கு ஸெனோடோ. ஆனால் தனியாகப் போய் ஏற்ற வேண்டாம். அங்கே நூலகம் தன் பெயரில் ஒரு கம்யூனிட்டி, அதாவது பதிவுகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு, தொடங்கலாம். மாணவர் அதற்கு அனுப்பும் பதிவை நூலகர் பார்த்த பிறகே வெளியிடும்படி வைத்துக்கொள்ளலாம். ட்ரையாடில் காசு கொடுத்து வாங்கும் அந்த இன்னொரு ஜோடிக் கண்கள், இங்கே நாமாக இருக்கலாம்.

கிணற்றுக் கோப்புக்கு அப்படித்தான் செய்தோம். இரண்டு நாள் மாலை அந்த மாணவியும் நானும் என் மேசையில் உட்கார்ந்தோம். கைபேசி எண்ணும் பெயரும் நீங்கின. ஜிபிஎஸ் எண்ணைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கமாகச் சுருக்கினோம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வட்டாரம் தெரியும், எந்த வீட்டுக் கிணறு என்று தெரியாது. ஈசி முழுவதும் ஒரே அலகுக்கு வந்தது, -999 எல்லாம் வெற்றுக் கட்டமானது. தரவை விளக்கும் ரீட்மீ கோப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவரே எழுதினார்.

இதில் என் எல்லையும் எனக்குத் தெரிந்தது. நீர்த் தரவு எனக்குப் புரிந்தது, மருத்துவத் தரவு வந்தால் எனக்குப் புரியாது. அமெரிக்காவில் டேட்டா கியூரேஷன் நெட்வொர்க் என்ற அமைப்பில், ஒரு நூலகத்துக்கு வரும் தரவை அந்தத் துறை தெரிந்த வேறொரு நூலகத்துக்காரர் பார்த்துக் கொடுக்கிறார். இங்கேயும் அதைச் செய்து பார்க்க அக்கம்பக்கத்துக் கல்லூரி நூலகர்கள் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். வேளாண் தரவை ஒருவர் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். மருத்துவத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.