இருங்காட்டுக்கோட்டையில் என் முதல் டிராக் டே: பிரேக் ஆயிலை மறக்காதீர்கள்

சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற டிராக் டே, ரொம்ப நாள் ஆசை. போன மாதம் என் எட்டு வருட ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை போனேன். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக், ஒரு சுற்று கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர். நடத்தியவர்கள் நன்றாகவே நடத்தினார்கள். காலையில் கொடிகளை விளக்கிச் சொன்னார்கள்: நீலம் காட்டினால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு, சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டி நிறுத்துகிற இடம்) திரும்பு. முதல் இரண்டு சுற்று மெதுவாக, முந்தக் கூடாது. கட்டணம் வீண் போகவில்லை.

வீண் போனது வண்டியைத் தயார் செய்யக் கொடுத்த காசுதான். ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் "எல்லாம் மாத்தியாச்சு சார்" என்றார்கள், மூடியைத் திறந்து பார்த்தேன், பிரேக் ஆயில் பளிச்சென்று இருந்தது, நம்பிவிட்டேன். நாலாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது! டப்பாவில் இருந்ததை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றியிருக்கிறார்கள், சக்கரத்துப் பக்கம் பழைய ஆயில் அப்படியே. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆயில் கொதித்தால் குமிழி வந்து பெடல் பஞ்சாகிவிடும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியவே தெரியாது, டிராக்கில் நேர்ப்பாதை முடிகிற இடத்தில் தெரியும். அதனால் நாலு சக்கரத்திலும் நிப்பிளை (ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகு) திறந்து பழசு முழுக்க வெளியே வருவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், அதே நேரத்தில் பிரேக் பேடையும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் செலவே இல்லாதது. ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, தண்ணி பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன் (பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான்). வீல் நட்டை டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பானர்) வைத்து முறுக்குங்கள். டயர் காற்று காலையில் 32, ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் 38, கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். இன்சூரன்ஸ் தாளையும் ஒருமுறை படியுங்கள், சாதாரண பாலிசி டிராக்கில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது.

அப்புறம் ஷூ. கனமான ஸ்போர்ட்ஸ் ஷூவில் பெடல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, மெல்லிய அடி உள்ளதைப் போடுங்கள். ஹெல்மெட் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். எனக்குக் கிடைத்த வாடகை ஹெல்மெட்டில் முந்தின ஆளின் வியர்வை இன்னும் காயவில்லை.