கொலோனோஸ்கோபிக்கு முந்தைய 2 லிட்டர்: பெக் பவுடர் எப்படி இருக்கிறது?

மெடிக்கலில் ‘பெக்லெக்’ போன்ற பெயர்களில் கிடைக்கும் 137.15 கிராம் பாக்கெட் இது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முன்பு குடலைக் கழுவ, 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மருந்து நல்ல மருந்து. காரியம் கெடுவது பெரும்பாலும் குடிக்கும் நேரத்தில்தான்.

பாக்கெட்டில் 118 கிராம் பாலிஎத்திலீன் கிளைக்கால்; ‘பெக்’ என்பது இதன் சுருக்கம். மீதி சோடியம் சல்பேட், சாதாரண உப்பு, ஆப்ப சோடா, கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு. பாலிஎத்திலீன் கிளைக்காலைக் குடல் உறிஞ்சாது. அது பிடித்து வைத்திருக்கும் தண்ணீரும் அப்படியே கீழே இறங்கி, வழியில் கிடப்பதை அடித்துக்கொண்டு போகும். உடம்பிலிருக்கும் உப்பையும் நீரையும் அதிகம் இழுக்காமல், உள்ளேயும் அதிகம் ஏற்றாமல் இருக்கும்படி உப்புகளின் அளவு கணக்கிடப்பட்டிருக்கிறது. 1980இல் அமெரிக்காவில் ஃபோர்ட்ரான் குழுவினர் வெளியிட்ட 4 லிட்டர் கரைசலின் சரிபாதி இது.

சுவைக்கு மதிப்பெண் தர முடியவில்லை. உப்புக் கரிக்கும், தொண்டையில் லேசாக வழவழக்கும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிரக் குடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். டம்ளருக்கு டம்ளர் எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொள்ளலாம். ஆனால் கரைசலுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸோ போடவே கூடாது. பேதிக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருப்பது, உப்பையும் நீரையும் குடல் உள்ளிழுத்துக்கொள்ளத்தான். இங்கே நமக்கு வேண்டியது நேர் எதிர்.

இப்போது நேரம். முழு 2 லிட்டரையும் முந்தைய நாள் மாலையே குடித்து முடித்துவிடச் சொல்லும் சீட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அப்படிக் குடித்தால் இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த மஞ்சள் குழம்பு இறங்கி, வலப்பக்கப் பெருங்குடலில் பசை போலப் படிந்துவிடும். தட்டையான பாலிப்புகள் (குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகள்) ஒளிந்திருப்பது அந்தப் பக்கத்தில்தான். அதனால் பாதியை மாலையிலும் பாதியைப் பரிசோதனை நாள் காலையிலும் குடிக்க வேண்டும். இரண்டாம் பாதியை ஸ்கோப்புக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். காலை 9 மணிக்கு ஸ்கோப் என்றால் 4 மணிக்கு எழுந்து, 250 மில்லி டம்ளரால் கால் மணிக்கு ஒன்றாக 4 டம்ளர். 5 மணிக்கெல்லாம் 1 லிட்டர் முடியும். 7 மணிக்குப் பிறகு தண்ணீர்கூட வேண்டாம். விடியற்காலைத் தூக்கம் கெடுவது உண்மைதான். ஆனால் இந்த ஒரு மாற்றம் தரும் பலனை வேறு எந்த உபாயமும் தராது. மருத்துவமனை வேறு நேரம் எழுதியிருந்தால், பாதி பாதியாகக் குடிக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஸ்கோப் படத்தில் பாலிப்பைக் கண்டுபிடித்துப் பெட்டி போட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அருமையான முன்னேற்றம். ஆனாலும் மலம் மூடிய இடத்தில் அதற்கும் கண் தெரியாது.

சாப்பாட்டில் ஒரு நல்ல செய்தி. மூன்று நாள் பத்தியம் எல்லோருக்கும் தேவையில்லை. நாள்பட்ட மலச்சிக்கல் போன்ற சிக்கல் இல்லாதவர்களுக்கு முந்தைய ஒரு நாள் கட்டுப்பாடு போதும் என்று 2025இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. இட்லி, இடியாப்பம், வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம், மோர் சரி. கீரை, கொய்யா, மாதுளை, தக்காளி விதை, தாளித்த கடுகு வேண்டாம்; விதைகள் ஸ்கோப்பின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும். பவுடர் தொடங்கிய பிறகு தெளிந்த பானம் மட்டும். பீட்ரூட் சாறு, ரோஸ் நிறப் பானங்கள் ரத்தம் போலத் தெரியும், தவிர்க்கவும். இரும்புச்சத்து மாத்திரையை 5 நாள் முன்பே டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். மலத்தைக் கருப்பாக்கி ஒட்ட வைத்துவிடும்.

மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால்? சின்ன பாட்டிலில் வரும் சோடியம் பாஸ்பேட் குடிக்க எளிது. ஆனால் அது சிறுநீரகத்தைப் பாதித்த சம்பவங்களால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. வயதானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் எங்கள் பரிந்துரை பெக் பவுடர்தான். சோடியம் பிகோசல்பேட்டும் மக்னீசியமும் கலந்த பவுடர் வாய்க்கு இதமானது. தண்ணீரில் கரைக்கும்போது டம்ளர் கையில் சுடும், ஆறவிட்டுக் குடிக்க வேண்டும். கூடவே நிறையத் தெளிந்த பானமும் குடிக்கவேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அளவைத் தாங்களாக மாற்றாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். கரைசலைத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் விழுங்கிய மாத்திரை உடம்பில் சேராமலே வெளியேறிவிடலாம். குடல் அடைப்பு இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. வாந்தி வந்தால் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாகத் தொடரலாம். வயிறு கல்லாக உப்பி, கடுமையாக வலித்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் பேசுங்கள். முதல் டம்ளருக்கு முன்பே ஆசனவாயில் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவிக்கொண்டால் எரிச்சல் குறையும்.

போதுமா என்று எப்படித் தெரியும்? கடைசியில் போவது வடிகட்டிய எலுமிச்சைச் சாறு மாதிரி மஞ்சளாக, கோப்பையின் அடி தெரியும்படி இருக்க வேண்டும். பழுப்பாகவோ துகளோடோ இருந்தால் போதாது. மறைக்காமல், உள்ளே அழைக்கும் முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் மருந்தோ எனிமாவோ கொடுத்து அன்றே முடித்துவிடப் பல நேரம் வழி இருக்கும்.