பாய்லர் புகைக்குக் கணக்கு: புத்தகமா, கந்தகமா, புகைபோக்கியா?

சேலத்துப் பக்கம் சாயப்பட்டறை, சேகோ (ஜவ்வரிசி) ஆலை என்று எதற்குள் நுழைந்தாலும் பின்கட்டில் ஒரு பாய்லரோ அடுப்போ எரிந்துகொண்டிருக்கும். மணிக்கு எத்தனை கிலோ மாசு வெளியே போகிறது என்ற கேள்வி மட்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காகிதம் தயார் செய்யும்போதுதான் எழும். நான் ஒரு சாயப்பட்டறையில் எரிபொருள் கணக்குப் பார்க்கிறேன். எங்களுடையது மணிக்கு 3 டன் நீராவி தரும் பாய்லர், நிலக்கரியைக் கையால் அள்ளிப் போடுகிற ரகம், மணிக்குச் சராசரியாக 300 கிலோ தின்னும். எல்லா வழிகளையும் அதன் மேலேயே போட்டுப் பார்த்தேன்.

முதலில் எல்லோரும் போவது எமிஷன் ஃபேக்டர் வழிக்குத்தான், ஏனென்றால் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும்: எரித்த டன்னை ஒரு எண்ணால் பெருக்கு, சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கருவி) மாதிரி ஏதாவது இருந்தால் அது பிடிப்பதைக் கழி, அவ்வளவுதான். அந்த எண்களுக்கு உலகமே புரட்டுவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஏபி-42 தொகுப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏ முதல் இ வரை தரம் போட்டிருப்பார்கள், ஏ என்றால் நம்பலாம், இ என்றால் ஒப்புக்குத்தான். பலர் எண்ணை எடுத்துக்கொண்டு அந்த எழுத்தை விட்டுவிடுகிறார்கள்.

இதில் பெரிய ஆபத்து அட்டவணையில் வரிசை மாறுவது. ஒரே நிலக்கரிதான், ஆனால் இயந்திரம் வீசிப் பரப்பும் ஸ்ப்ரெடர் ஸ்டோக்கருக்கு டன்னுக்கு 33 கிலோ தூசி என்கிறது அட்டவணை, கையால் போடும் அடுப்புக்கு 7.5 கிலோ. கார்பன் மோனாக்சைடில் கதை தலைகீழ்: ஸ்டோக்கருக்கு 2.5 கிலோ, கையால் போடுவதற்கு 137.5. ஐம்பத்தைந்து மடங்கு! எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஸ்டோக்கர் வரிசையைத்தான் எடுத்திருந்தார், ஆக எங்கள் பட்டறை பழைய தாள்களில் தூசிக்கு மகா பாவியாகவும் மோனாக்சைடுக்குப் பரம யோக்கியனாகவும் நிற்கிறது.

அடுத்தது கந்தகக் கணக்கு, எனக்குப் பிடித்தது. எரிபொருளில் இருக்கும் கந்தகம் எரிந்தால் எடை இரட்டிப்பாகி சல்ஃபர் டை ஆக்சைடு ஆகும் (32 பங்கு கந்தகம், 64 பங்கு வாயு). எங்கள் நிலக்கரியில் 0.6 சதவீதம், 300 கிலோவில் 1.8 கிலோ, ஆக மணிக்கு 3.6 கிலோ வாயு. ஏபி-42 படி போட்டால் 2.8 தான் வருகிறது, மிச்சம் சாம்பலில் தங்கிவிடும் என்று அது கழித்துக்கொள்கிறது. புகைபோக்கி உயரத்துக்கு நம் நாட்டில் புழங்கும் சூத்திரம், மணிக்கு எத்தனை கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு என்பதை 0.3 அடுக்குக்கு உயர்த்தி 14-ஆல் பெருக்குவது. அதில் இரண்டையும் போட்டால் ஒன்றுக்கு 20.5 மீட்டர், மற்றதுக்கு 19. ஒன்றரை மீட்டர்தான் வித்தியாசம், அதனால் நான் பெரிய எண்ணையே எழுதுகிறேன்.

ஆனால் இந்த வழி லேப் சான்றிதழின் நாணயத்தில் நிற்கிறது. ஒரு வியாபாரி மூன்று லோடுக்கு ஒரே சான்றிதழின் நகலைக் கொடுத்தார், தேதி மட்டும் மாறியிருந்தது. அப்புறம் நாங்களே மாதிரி எடுத்து அனுப்ப ஆரம்பித்தோம். இன்னொன்று, நைட்ரஜன் ஆக்சைடுக்கு இது உதவாது, எரிபொருளில் உள்ளதோடு காற்றில் இருக்கும் நைட்ரஜனும் சூட்டில் சேர்ந்துகொள்கிறதே. அங்கே புத்தக எண்தான் கதி.

தூசிக்கு மட்டும் புகைபோக்கியில் ஏறியே ஆக வேண்டும். பிட்டாட் குழாயால் புகையின் வேகத்தைப் பார்த்து, அதே வேகத்தில் உறிஞ்சி, வெள்ளைத் திம்பிள் வடிகட்டியில் பிடித்து எடை போடுவார்கள். மெதுவாக உறிஞ்சினால் கனமான துகள் அதிகமாக உள்ளே வந்து கணக்கு ஏறும், வேகமாக உறிஞ்சினால் இறங்கும். போன முறை கன மீட்டருக்கு 250 மில்லிகிராம் வந்ததும் எங்கள் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். கார்பன் டை ஆக்சைடு 6 சதவீதம்தான் இருந்தது. விதிப்படி 12 சதவீதத்துக்கு ஒப்பிட வேண்டும், ஆக அது 500. டேம்பரை (காற்று விடும் கதவை) அகலத் திறந்து மோரில் தண்ணீர் விட்ட கதை. கிலோக் கணக்கில் இந்த ஏமாற்று செல்லாது, காற்று கூடினால் ஓட்டமும் கூடும்: மணிக்கு 3,200 கன மீட்டரை 250-ஆல் பெருக்கினால் 0.8 கிலோ. புத்தகமோ 2.25 சொல்கிறது, நடுவில் சைக்ளோன் இருப்பதால் இரண்டும் சண்டை போடவில்லை.

குறை என்னவென்றால், அளந்தது ஒரு மணி நேரம். அன்றைக்கு ஃபயர்மேன் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக, சீராக அள்ளிப் போட்டார். "தம்பி, இன்னைக்கு மட்டும் பாய்லர் மாப்பிள்ளை கணக்கா இருக்கும் பாருங்க" என்றார். மற்ற நாள் விடியற்காலையில் மூட்டும்போது வரும் கரும்புகை எந்தத் திம்பிளிலும் விழாது. இருபத்து நாலு மணி நேரமும் அளக்கும் கருவி மேட்டூர் அனல் மின் நிலையம் மாதிரி இடங்களுக்குச் சரி, எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

வெள்ளைக்கல் (மேக்னசைட்) சூளைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எரிபொருளை மட்டும் கணக்கில் எடுத்தால் நீங்கள் பாதியைத் தொலைக்கிறீர்கள். சுத்தமான மேக்னசைட் ஒரு டன்னைச் சுட்டால் கல்லிலிருந்தே சுமார் 520 கிலோ கார்பன் டை ஆக்சைடு போகும், அடுப்பில் என்ன எரித்தாலும் சரி.

இப்போது எங்கள் தாளில் சல்ஃபர் கந்தகக் கணக்கில், தூசி அளவையில், மற்றவை கையால் போடும் வரிசையில். நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தால் விறகு எரிக்கிற மாதங்களில்தான் இன்னும் இடிக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்து வரும் சீமைக்கருவேல லோடில் தண்ணீரும் எடைமேடையில் ஏறி நிற்கிறது, அதற்கும் நாங்கள் காசு கொடுத்து, அதையும் எரித்ததாக எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது லோடுக்கு நாலு கட்டை வெட்டி, காயவைத்து, மறுபடி எடை போடுகிறோம்.