கழுத்துத் தண்டுவட அறுவை சிகிச்சை: முன்வழியா, பின்வழியா?

தையல்தான் என் தொழில். ஊசியில் நூல் கோர்க்க வராமல் போனது, இருட்டில் கால் தள்ளாடியது எல்லாம் கழுத்தின் வேலை என்று எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே தெரிந்தது. மூன்று இடங்களில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. பெரிய வலி இல்லாததால்தான் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடாதீர்கள். பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் அறுவை சிகிச்சை என்பதுதான் 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். இருக்கும் பலத்தைக் காப்பாற்றுவதே இதன் முதல் பயன். போனதெல்லாம் திரும்பும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

முன்வழி என்றால் தொண்டைப் பக்கமாகப் போய், கெட்டுப்போன டிஸ்க்கை (எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) எடுத்து, அந்த இடத்தில் எலும்புத் துண்டோ கேஜோ (இடைவெளியைத் தாங்கும் சிறு கூடு) வைத்து, பிளேட் போட்டு மேல், கீழ் எலும்புகளை ஒட்டவைப்பது. 1950களிலிருந்தே செய்கிறார்கள். ஒன்றிரண்டு இடத்தில் முன்னாலிருந்து அழுத்தம் என்றால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். தசையை வெட்டாமல் விலக்கிவிட்டுப் போவதால் கழுத்து வலி குறைவு. ஆனால் விழுங்கச் சிரமம், குரல் கம்மல் வரலாம். செயற்கை டிஸ்க்கும் உண்டு. கழுத்து மூட்டுத் தேய்மானம் அதிகமானவர்களுக்குச் சரிவராது.

பின்வழியில், தண்டுவடத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்பு வளைவை முழுதாக எடுத்துவிட்டு ஸ்க்ரூ, கம்பி போடுவது ஒன்று. உறுதியாக நிற்கும், கழுத்துதான் விறைத்துப்போகும். குனிந்தே பிழைப்பவளுக்கு அது ஒத்துவருமா? அதனால் நான் இன்னொரு பின்வழி முறையான லேமினோபிளாஸ்டிக்குச் சம்மதித்தேன். ஜப்பானில் 1970களில் வளர்ந்த முறை. எலும்பு வளைவை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கத்தைக் கீல் போல மெலிதாக்கி, கதவு மாதிரித் திறந்துவைக்கிறார்கள். தண்டுவடம் பின்னோக்கி நகர இடம் கிடைக்கிறது.

2021இல் 163 பேரை வைத்து வந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் இரு வழிக்கும் முன்னேற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சிக்கல்கள் முன்வழியில் 48 சதவீதம், பின்வழியில் 24. கூடுதலுக்குப் பெரும்பாலும் விழுங்கும் தொல்லைதான் காரணம்.

என் கை பெருமளவு திரும்பிவிட்டது. காஜா எடுக்கிறேன், பட்டன் தைக்கிறேன். பிடரித் தசை வலிதான் நான் நினைத்ததைவிட நீண்டது. அதற்குப் பயிற்சியைத் தவிர வழியில்லை. சிலருக்குக் கழுத்திலிருந்து தோளுக்குப் போகும் சி5 நரம்பு சோர்ந்து தோளைத் தூக்க முடியாமல் போகும், பெரும்பாலும் மாதங்களில் தேறும். இதை முன்கூட்டியே சொல்லிவைத்த மருத்துவரை நான் மதிக்கிறேன்.

என் தேர்வை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் நின்ற நிலையில் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து முன்னோக்கிக் கவிழ்ந்திருந்தால் கதவைத் திறந்தாலும் தண்டுவடம் பின்னால் நகராது. அப்போது முன்வழிதான், இல்லையென்றால் நிமிர்த்தி ஒட்டவைக்கும் முறை. அப்புறம், எலும்பை ஒட்டவைப்பதென்று முடிவானால் புகையை உடனே விடுங்கள், புகைப்பவர்களுக்கு எலும்பு சரியாக ஒட்டுவதில்லை.